விடுமுறை நாட்களில் வீட்டுக் கணக்கு: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் தமிழ்ப் பாலர் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து, என் பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். 3 வயது முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

“கோடை விடுமுறைக் கணக்கு” என்று எங்கு பார்த்தாலும் போடுகிறார்கள். நமக்குக் கோடையே கிடையாதே?

கிடையாதுதான். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகைகூட வடக்கே இல்லை. ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை. ஆகவே வெளிநாட்டுப் பட்டியல்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். நம்முடைய ஆண்டு நடு விடுமுறையில் டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வருகின்றன. ஆண்டு இறுதி விடுமுறை, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் வருகிறது. பிள்ளைக்கு வேண்டிய கணக்கு இவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

நான் பெற்றோரிடம் எப்போதும் வற்புறுத்துவது ஒன்றைத்தான். பிள்ளையிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு, எண் தெரியாமல் முடிக்க முடியாத வேலையைக் கொடுங்கள். “இரண்டும் மூன்றும் எத்தனை?” என்பது பரீட்சை. “இன்று மாமாவும் அத்தையும் சாப்பிட வருகிறார்கள், தட்டு எடுத்து வை” என்பது வேலை. பரீட்சையில் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அது பிள்ளைக்கும் தெரியும். வேலையில் அப்படி இல்லை. தட்டு குறைந்தால் ஒருவருக்குச் சாப்பாடு இல்லை.

என் மகனுக்கு நான்கு வயது. 100 வரை தடுமாறாமல் சொல்கிறான். அவனுக்கு இது தேவையா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கிண்ணத்தில் கடலையை வைத்து, “அம்மாவுக்கு ஏழு கடலை எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். 100 வரை சொல்லும் பிள்ளைகளில் சிலர் யோசிக்காமல் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் செய்ததும் இதே போன்ற சோதனைதான். குழந்தைகள் முதலில் ஒன்றின் பொருளைப் புரிந்துகொள்கிறார்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் காலம் எடுக்கலாம். அதன் பிறகே எண்ணி முடிக்கும் கடைசி எண்தான் மொத்தம் என்பது பிடிபடுகிறது.

இன்னும் எளிதாகவும் சோதிக்கலாம். ஐந்து கரண்டிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வரை எண்ணி முடித்ததும், “ஆக மொத்தம் எத்தனை கரண்டி?” என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசி எண் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது இன்னும் அவனுக்குள் பதியவில்லை. “ஐந்து” என்று உடனே சொன்னால், கரண்டிகளைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பி வைத்து மீண்டும் கேளுங்கள். இப்போது ஆறு, ஏழு என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. பரப்பளவு கூடினால் எண்ணிக்கையும் கூடிவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

ரோச்செல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1978இல் எண்ணுதலின் விதிகளை ஐந்தாக வகுத்தார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான். எண்களின் வரிசை மாறாது. கடைசி எண்ணே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் தொகை ஒன்றுதான். பெரியவர்களுக்கு இவை சொல்லவே தேவையில்லாதவையாகத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதுக் கண்டுபிடிப்பு. ஆகவே 100 வரை சொல்வதை 200க்கு நீட்டாதீர்கள். பத்துக்குள் நின்று எண்ணட்டும். எண்ணும்போது பொருளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கட்டும். கண்ணால் மட்டும் எண்ணினால் ஒன்றை இருமுறை எண்ணிவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். மேசையில் உட்காரவைத்து அரை மணி நேரம் என்றால் மூன்றாவது நாளே முகம் சுளிப்பார்கள். சமையல், துணி மடிப்பு, கடைக்குப் போவது என்று நடக்கிற வேலையில் ஐந்து நிமிடம் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் போதும். அவசரமாக இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

சமையலறையில் என்ன செய்யலாம்? பிள்ளை பக்கத்தில் வந்தாலே வேலை இரட்டிப்பாகிறதே?

முதல் சில நாட்கள் இரட்டிப்பாகும், உண்மைதான். அரிசி அளப்பதிலிருந்து தொடங்குங்கள். நம் வீடுகளில் பலர் இன்னும் பழைய பால் டின்னால்தான் அரிசி அளக்கிறோம். அந்த டின் ஒரு நல்ல அளவைப் பொருள். இத்தனை பேருக்கு எத்தனை டின் என்று நீங்கள் மனத்துக்குள் போடும் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். தலை தட்டி அளப்பது எதற்கு என்பதையும் காட்டுங்கள். ஒரு டின் கோபுரமாகவும் அடுத்த டின் பள்ளமாகவும் இருந்தால் இரண்டும் ஒரே அளவு இல்லை என்பது அளவியலின் முதல் பாடம்.

தோசைக்கு ஊறப்போடும் நாளில், நான்கு டின் அரிசிக்கு ஒரு டின் உளுந்து என்றால், டின்னைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். “இன்று பாதி மாவு போதும்” என்று சொன்னால் அரிசி இரண்டு டின்னாகிவிடும். உளுந்து? இந்த இடத்தில் பிள்ளை திகைத்து நிற்கும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். அரை டின் என்பதைத் தானே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். அரை, கால், முக்கால் எல்லாம் காகிதத்தில் வருவதற்கு ஆண்டுகள் முன்பே கைக்குப் பழகிவிடும்.

துணி மடிக்கும்போது காலுறைகளை ஜோடி சேர்க்கட்டும். ஒற்றைப்படை, இரட்டைப்படை அங்கேயே புரியும். ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒன்று காணவில்லை என்று பொருள்.

மங்குஸ்தான் பருவமானால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். காம்பு இருக்கும் பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். அங்கே சின்னப் பூ ஒன்று செதுக்கி ஒட்டியதைப்போல் இருக்கும். அதன் இதழ்களைப் பிள்ளை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணட்டும். ஐந்து, ஆறு, ஏழு என்று பழத்துக்குப் பழம் மாறும். எண்ணியதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். பிறகு பழத்தை இரு கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிளந்து, உள்ளேயிருக்கும் வெள்ளைச் சுளைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை இதழோ அத்தனை சுளை. அந்த இதழ்கள் பூவின் சூல்முடியில் மிஞ்சியவை, ஒவ்வொன்றும் உள்ளே ஓர் அறைக்கு உரியது. அதனால்தான் எண்ணிக்கை பொருந்துகிறது. முதல் பழத்தில் பிள்ளை நம்பாது. இரண்டாவது பழத்தில் சந்தேகம். மூன்றாவது பழத்தைப் பிளப்பதற்கு முன்பே விடையைக் கத்திச் சொல்லும். எண்ணைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒன்றை முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த பாடத்தை நான் பார்த்ததில்லை. ஊதா நிறக் கறை துணியில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

டுரியானிலும் செய்யலாம், ஆனால் அது ஊகிக்கும் கணக்கு. பெரும்பாலும் ஐந்து அறைகள் இருக்கும், ஒவ்வோர் அறையிலும் எத்தனை சுளை என்பது திறந்தால்தான் தெரியும். வீட்டில் ஆளுக்கு ஓர் எண் சொல்லி, திறந்த பிறகு யாருடையது மிக நெருங்கியது என்று பாருங்கள். சுளைகளைச் சமமாகப் பங்கு வைக்கும் வேலை பிள்ளையுடையது. மிஞ்சியது யாருக்கு என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கொட்டை, கடலை, நாணயம், சோழி எதையும் தரையில் விட்டுவைக்காதீர்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்.

காசு எப்போது பழக்குவது? இப்போதெல்லாம் நாங்கள் கைப்பேசியில்தானே பணம் கட்டுகிறோம்?

அதனால்தான் வீட்டில் பழக்க வேண்டியிருக்கிறது. அம்மா கைப்பேசியைக் காட்டினால் ஓர் ஒலி, உடனே பொருள் கைக்கு வந்துவிடுகிறது. பணம் குறைந்ததைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது ரொக்கம் எடுத்துப் போங்கள். காலையில் பலகாரம் வாங்கும் கடை, இரவுச் சந்தை இரண்டும் இதற்கு ஏற்ற இடங்கள். கடைக்காரருக்கும் அவசரம் இருக்காது.

நம்மிடம் இப்போது புழங்கும் நாணயங்கள் 5, 10, 20, 50 சென் (100 சென் ஒரு ரிங்கிட்). 5, 10 சென் வெள்ளி நிறம், 20, 50 சென் பொன்னிறம். 2012இல் வந்த இந்த வரிசையில் மதிப்பு கூடக் கூட நாணயத்தின் அளவும் கூடுகிறது என்பதால் சிறு பிள்ளைகளுக்கு வசதி. ஆனாலும் ஐந்து 10 சென் நாணயங்களையும் ஒரே ஒரு 50 சென் நாணயத்தையும் முன்னால் வைத்து, எது அதிகம் என்று கேட்டால் ஐந்தைத்தான் எடுப்பார்கள். இதற்குத் திருத்தம் சொல்லிப் பயனில்லை. கடைக்குப் போய் 50 சென்னுக்கு ஒரு மிட்டாய் என்று இரண்டு விதமாகவும் வாங்கிப் பார்க்கட்டும்.

ஐந்து வயதுக்கு மேல் ஆனால் இந்தப் புதிரைக் கொடுங்கள்: 50 சென்னை எத்தனை விதமாக அடுக்கலாம்? 10, 20, 50 மட்டும் வைத்துக்கொண்டால் நான்கு வழிகள். 50 ஒன்று, 20 இரண்டும் 10 ஒன்றும், 20 ஒன்றும் 10 மூன்றும், 10 ஐந்து. 5 சென்னையும் சேர்த்தால் மொத்தம் 13 வழிகள். அதை முழுக்கக் கண்டுபிடிக்க ஏழு வயதுப் பிள்ளைக்கே ஒரு மதியப் பொழுது ஆகும். மிக நல்ல மதியப் பொழுது அது.

கடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 12 ரிங்கிட் 42 சென் என்றால் 12.40 கட்டுகிறோம், 43 என்றால் 12.45. 47 என்றால் 45க்கு இறங்கும், 48 என்றால் 50க்கு ஏறும். தோராயமாக்கல் என்ற பாடம் பள்ளியில் வரும்போது, இது அந்தச் சீட்டில் பார்த்ததுதானே என்று பிள்ளைக்குத் தோன்றும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும், பாலர் பள்ளி வயதுக்கு வேண்டாம்.

நாங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். முற்றமும் இல்லை, தோட்டமும் இல்லை.

லிஃப்ட் இருக்கிறதே. பொத்தான் பலகை முழுவதும் எண்கள்தான், அதுவும் கீழிருந்து மேலே ஏறுமுகமாக. நம் ஊர் லிஃப்டுகளில் ஒரு விசேஷம் உண்டு. பல கட்டடங்களில் 3க்கு அடுத்து 3ஏ, அதற்குப் பிறகு 5. சீனர்கள் நான்கை நல்ல எண்ணாகக் கருதாததால் வந்த வழக்கம். பாலர் பள்ளியில் நான்கைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, நான்கு எங்கே போனது என்று கேட்கும். கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். 3ஏ என்று எழுதியிருந்தாலும் தரைத் தளத்துக்கு மேலே உள்ள மாடிகளை எண்ணினால் அது நான்காவது மாடிதான். மாடிப்படியில் ஒவ்வொரு தளமாக ஏறி எண்ணிப் பார்த்துவிட்டால் பெயர் வேறு, வரிசையில் இடம் வேறு என்பது விளங்கிவிடும். தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம் பி1, பி2 என்று இறங்கினால், சுழியத்துக்குக் கீழும் எண்கள் போகும் என்பதற்கு அதுவே அறிமுகம். எதிர்ம எண் என்ற சொல்லெல்லாம் இப்போது வேண்டாம்.

கார் நிறுத்தும் இடத்தில் வண்டி எண்களை வைத்து விளையாடலாம். பிள்ளை ஒரு காரைத் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் ஒன்று. இலக்கங்களைக் கூட்டினால் யாருக்கு அதிகம்? 4821 என்றால் 15, 9300 என்றால் 12. பெரிய எண்ணுக்குக் கூட்டுத்தொகை சிறிதாக வருவது பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்தும். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதும் இது கைகொடுக்கும்.

வெளியே போகும்போது?

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஏறினால் நூறைத் தாண்டுவதற்குள் குழம்பிவிடும். பத்துப் படிக்கு ஒரு முறை பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும், பத்து விரலும் மடங்கினால் நூறு, உடனே அம்மா பையில் ஒரு கூழாங்கல்லைப் போடட்டும். உச்சியில் ஐந்து கல், ஒரு விரல், மூன்று படி. நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பைக் கால் வலிக்க வலிக்கக் கற்றது மறக்காது. சிறு பிள்ளைகளை முழு மலைக்கும் இழுக்க வேண்டாம், ஐம்பது படி போதும். தைப்பூசக் கூட்டத்தில் இதைச் செய்யாதீர்கள், விடியற்காலையில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் இரண்டு வண்டிகள் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடம்தான் பாதி வழி. எப்போது பாதி வரும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள்.

பஸ் எண்ணைப் படிக்கவும் பழக்குங்கள். ஆனால் 204ஆம் எண் பஸ் கொடிமலைக்கும் 101 தெலுக் பஹாங்குக்கும் போகிறது என்பதால் 204 பெரிய பஸ் ஆகிவிடாது. சில எண்கள் அளவைச் சொல்லும், சில எண்கள் வெறும் பெயர். ஐந்து வயதில் இதைக் கேட்டால் அசட்டுத்தனமாகத் தோன்றும். கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் இதைப் பற்றி மிக அக்கறையாகப் பேசுவார்கள்.

கோலம் போடுவதில் கணக்கு இருக்கிறது என்கிறார்களே. அலங்காரம்தானே அது?

அலங்காரமும்தான். ஆனால் புள்ளி வைக்கும் வேலையிலேயே ஒரு கணக்குப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இங்கே கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏழு புள்ளி. அதன் மேலும் கீழும் ஐந்தைந்து, பிறகு மும்மூன்று, முனையில் ஒவ்வொன்று. மேலிருந்து கீழ் வரை 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. இப்போது நடு வரிசை வரை மட்டும் எண்ணுங்கள்: 1, 3, 5, 7 சேர்ந்தால் 16. கீழே மிஞ்சிய 5, 3, 1 சேர்ந்தால் 9. பதினாறு என்பது நந்நான்காக அடுக்கிய சதுரம், ஒன்பது என்பது மும்மூன்றாக அடுக்கிய சதுரம். ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் சதுர எண்ணே வரும். இதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, புள்ளிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் பிறகு அதே கொட்டைகளைச் சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். கச்சிதமாக அடங்கும். கைகள் பார்த்துக்கொள்ளும்.

சந்துப்புள்ளி வேறு மாதிரி. ஏழில் தொடங்கி நான்கில் முடித்தால், இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிப் புள்ளி விழுகிறது. வரிக்கு ஒன்றுதான் குறையும்: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37, வடிவம் அறுகோணம். நேர்ப்புள்ளியில் இரண்டிரண்டாகவும் இங்கே ஒவ்வொன்றாகவும் ஏன் குறைகிறது என்பதை எட்டு வயது அக்கா ஐந்து வயதுத் தம்பிக்கு விளக்கினால் இருவருக்கும் நல்லது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்றில் தொடங்கி ஒன்றில் முடியும் சிறு கோலம் போதும். அரிசி மாவு கையில் பிடிக்க வராவிட்டால் வீட்டு வாசலிலோ பால்கனியிலோ சுண்ணக்கட்டி. நீங்கள் பாதியைப் போட்டு, மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் பிள்ளை போடட்டும். சமச்சீர் என்பதைக் கண்ணும் கையும் சேர்ந்து கற்கும் வழி இது.

என்னென்ன விளையாட்டுகள்?

பல்லாங்குழிதான் முதலில். வீட்டில் பாட்டியின் பலகை இல்லையென்றால் மலாய்க்காரர்களின் சொங்காக் பலகை எங்கும் கிடைக்கிறது. பெரும்பாலும் ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு காய், முனைகளில் இரண்டு பெரிய குழிகள். காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற விதியை விரல்களுக்குப் பழக்குகிறது. கொஞ்ச நாளில், கையிலுள்ள காய்கள் எந்தக் குழியில் முடியும் என்று போடுவதற்கு முன்பே பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடும். அதுதான் கணக்கு. சிறியவர்களுக்குக் குழிக்கு மூன்று காய் வைத்துத் தொடங்குங்கள்.

பரமபதமும் நல்லது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட எளிய விளையாட்டை அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் நான்கு முறை விளையாடினார்கள், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அளவுக்குத்தான். எண்களை ஒப்பிடுவதிலும் எண்ணுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறங்கள் போட்ட கட்டத்தில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரு நுணுக்கம் உண்டு: ஐந்தாம் கட்டத்தில் இருக்கும்போது தாயத்தில் இரண்டு விழுந்தால், “ஒன்று, இரண்டு” என்று சொல்லாமல் “ஆறு, ஏழு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழக்குங்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஒரே நேர்கோடாகப் பத்துக் கட்டம் வரைந்தால் போதும்.

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம். எந்த மொழியில் எண்ணப் பழக்குவது?

உங்கள் வாயில் இயல்பாக வரும் மொழியில். பெரும்பாலான நம் வீடுகளில் அது தமிழ். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கூட்டல், கழித்தல் என்ற சொற்கள் முன்பே பழகியிருப்பது பெரிய உதவி. ஐந்து பொருள் எத்தனை என்பது ஒரு மொழியில் விளங்கிவிட்டால் மற்ற மொழிகளில் சொற்களை மட்டும்தான் கற்க வேண்டும். ஒரே எண்ணிக்கையின் நடுவில் மொழி மாற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

விரல்விட்டு எண்ணுகிறாள். நிறுத்தவா?

வேண்டாம். ஏழு வயதிலும் எண்ணட்டும். தேவை தீர்ந்ததும் தானாக விட்டுவிடுவாள். மேசைக்கு அடியில் ஒளித்து எண்ண வைத்துவிடாதீர்கள்.

எனக்கே கணக்கென்றால் பயம். என் பயம் பிள்ளைக்கு வந்துவிடுமா?

வரலாம், ஆனால் தடுக்க முடியும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் பயம் கூடியிருந்தது. அதே ஆண்டில் வந்த வேறோர் ஆய்வில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கணக்கு கலந்த சிறு கதைகளைப் படித்துப் பேசியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அதிக நன்மை கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுப்பாடத்தின் மேல் குனிந்து நிற்பதைவிட அரிசி அளப்பதும் கதை பேசுவதும் உங்களுக்கு ஏற்றவை. “எனக்குக் கணக்கே வராது” என்று மட்டும் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் அம்மாக்கள்தான் சொல்கிறார்கள்.

தவறாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டுமா?

“எப்படி எண்ணினாய், எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். காட்டும்போது பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சரியாகச் சொன்னாலும் சில சமயம் அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டாலே தவறு என்று புரிந்துகொள்வார்கள்.

வெயில், நிழல், மழையை வைத்து ஏதாவது?

நிழல் கணக்கு நம் ஊரில் மிகச் சுவையானது. 30 செ.மீ. அளவுகோலைக் களிமண்ணில் நேராக நட்டு, அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பினாங்கில் அது ஒன்றே கால் மணியை ஒட்டித்தான் நடக்கும். நம் கடிகாரம் 1982 முதல் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது, பினாங்கோ அந்த நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்கு வெகுதூரம் மேற்கே இருக்கிறது.

இன்னொன்று, ஆண்டு நடு விடுமுறையில் உச்சி நிழல் தெற்குப் பக்கம் விழும். ஆண்டு இறுதி விடுமுறையில் வடக்குப் பக்கம். சூரியன் நம் தலைக்கு மேலே ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் கடந்து போவதால் இப்படி. அந்த அளவுகோலின் உச்சி நிழல் ஜூன் மூன்றாம் வாரத்தில் சுமார் 10 செ.மீ., டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 16, 17 செ.மீ. இருக்கும். முதல் விடுமுறையில் அளந்ததை நூலாக வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்து, அடுத்த விடுமுறையில் புது நூலைப் பக்கத்தில் ஒட்டுங்கள். குறியிட மட்டும் வெளியே போய் உடனே நிழலுக்குத் திரும்பிவிடுங்கள், அந்நேர வெயில் கடுமை.

மழைக்கு, பக்கம் நேரான கண்ணாடிப் புட்டியை வெட்டவெளியில் வைத்துக் காலையில் அளவுகோலால் மில்லிமீட்டர் பாருங்கள். நாட்காட்டியில் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் வரைபடமே போடலாம்.

அபாகஸ் வகுப்பு, பயிற்சி நூல், கைப்பேசிச் செயலி?

பயிற்சி நூல், பிள்ளை கேட்டால் கொடுங்கள். செயலியில் வேகத்துக்குப் பரிசு தருவதைத் தவிர்ப்பேன். அபாகஸ் மனக்கணக்கின் வேகத்தைக் கூட்டும், ஆனால் ஐந்தைக் காட்டு என்றால் ஐந்தைக் காட்டத் தெரியாத பிள்ளைக்கு அதில் அவசரமில்லை. 2017இல் சீரமைக்கப்பட்ட மலேசியத் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் முதலாம் ஆண்டுக்கே 100 வரைதான் எண்கள், இரண்டாம் ஆண்டில்தான் 1000. பாலர் பள்ளியிலேயே வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்?

2ஐயும் 5ஐயும் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம். அதற்குக் கவலை வேண்டாம். ஆறு வயது முடிந்தும் ஐந்து பொருள்களை எண்ணி எடுக்க முடியவில்லை, இரண்டு குவியல்களில் எது பெரிது என்று தெரியவில்லை, பல மாதம் பழக்கியும் மாற்றமில்லை என்றால் விடுமுறை முடியும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கேட்பதில் குறை இருந்தால் எண்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும். பிறகு வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். வீட்டில் எந்த வேலையைச் செய்கிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப் போனால், பரீட்சை மதிப்பெண்ணைவிட அந்தத் தாள் ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.